இழைத்த நிலைக்கால்

இரண்டாவது கரண்டிக் கோழிச்சாற்றை ஆர்லீனின் உதட்டருகே கொண்டுபோனபோதுதான், போர்வை மடிப்புக்குள் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் பொட்டை எல்வுட் ஹாஸ்கல் பார்த்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எல்வுட்," என்றாள் அவள். உடம்பு கரைந்து, போர்வைக்கடியில் ஆள் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஆகிவிட்டிருந்தாள். குரல் மட்டும் கலங்கவில்லை. "சாமான் அறைக் கதவு நிலையில, வலது கால்ல உன் உயரமெல்லாம் வருஷா வருஷம் கோடு போட்டிருக்கு. இடது கால்ல என்ன இருந்துச்சு?"

"அதை அணை, ஆர்லீன்."

"சும்மா சொல்லேன். நான்தானே கேக்கறேன்."

"நம்ம வீட்டு விஷயம் ஊருக்கு எதுக்கு? அணைன்னு சொன்னேன்."

அவள் அணைக்கவில்லை. விரலில் தெம்பில்லையோ, மனசில்லையோ. அவரே கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அந்தச் சின்னப் பதிவுக்கருவியை எடுத்து, இருந்த பொத்தானிலெல்லாம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சிவப்புப் பொட்டு மறைந்தது. அதைக் கட்டிலருகே இருந்த மேசையின் இழுப்பறையில் போட்டு மூடினார்.

"சாறு ஆறுது," என்றார்.

அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். விழுங்க வெகுநேரம் ஆனது. "ஊர் பூராத்தையும் கேட்டாச்சு," என்றாள் பிறகு, சிரித்தாற்போல. "நீ ஒருத்தன்தான் பாக்கி."

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

பகல் சாயும்போது கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து முற்றத்தில் விழுந்தது. எல்வுட் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். கட்டை ஈரம், பிடிக்காமல் புகைந்தது. "இந்த வருஷம் மேப்பிள் விறகை அந்தப் பெர்க்கின்ஸ்கிட்ட வாங்கினதே தப்பு," என்றார், முதுகைத் திருப்பிக்கொண்டே. "காஞ்ச விறகுன்னு சொல்லி ஆத்துல ஊறப்போட்டதைத் தந்திருக்கான்." ஆர்லீன் இதற்கு ஏதாவது சொல்வாள். பெர்க்கின்ஸின் அம்மாவைப் பற்றி, அவள் ஆப்பிள் பாகு காய்ச்சும் விதத்தைப் பற்றி. யாரைச் சொன்னாலும் அவளிடம் அவர்களைப் பற்றி ஒரு கதை இருக்கும். இன்று பதில் இல்லை. தூங்குகிறாள் என்று எண்ணி அவர் கட்டையைப் புரட்டிவிட்டு, ஊதி, சாம்பலைத் தட்டி, அடுப்பின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

திரும்பியதும் தெரிந்துவிட்டது. தெரிவதற்கு அருகில் போக வேண்டியிருக்கவில்லை.

அருகில் போய் நின்றார். போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அவள் வாயோரத்தில் காய்ந்திருந்த சாற்றை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு மாடிக்குப் போய் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை மாற்றி, கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அப்புறம்தான், வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஹாஸ்கல் குடும்பத்தில் மரணம் வந்தால் ஆண்பிள்ளை பனியனோடு நின்றதில்லை.

*

கிரான்ஃபீல்ட் ஊரில் பழைய ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது வரலாற்றுச் சங்கம். ஆர்லீனின் பாதி வாழ்க்கை அங்கே போயிற்று. மே மாதம் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பழைய கல்வெட்டுப் பலகைகளைத் தண்ணீரும் மென்மயிர்த் தூரிகையும் கொண்டு கழுவவைப்பாள். பழைய ஜன்னல் சட்டங்களை எறியாமல் செப்பனிடுவது எப்படி என்று சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துவாள். பீன்ஸ் விருந்து வைத்து, பழம் வைத்த பை பலகாரம் சுட்டு விற்று, அதில் வந்ததைக் கொண்டு பனிக்காலக் கல்லறைக் கிடங்கின் இரும்புக் கதவைத் துரு நீக்கி மறுபடி தொங்கவிட்டவள் அவள்தான். இந்த வெர்மான்ட் மலையில் குளிர்காலத்தில் மண்ணை வெட்ட முடியாது. அந்த மாதங்களில் போனவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் வசந்தம்வரை காத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அவள் உயிரை வைத்திருந்தது குரல்கள்மேல். ஊரில் வயதானவர்களை ஒருவர் விடாமல் அவரவர் வீட்டுச் சமையலறையிலேயே உட்காரவைத்து, பேசவைத்துப் பதிவுசெய்வாள். எல்வுட்தான் வண்டியோட்டுவார். கூட்டிப்போய் இறக்கிவிட்டு, உள்ளே போகாமல், பிக்கப் வண்டியில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். நேரமாகிவிட்டது என்று தோன்றினால் ஹாரன் அடிப்பார். ஜன்னல் திரை விலகும். ஆர்லீன் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டுவாள், 'இரு, இன்னும் கொஞ்சம்' என்று. திரை மூடிவிடும்.

"உள்ள வந்து உக்காந்தா என்ன? கடிச்சா தின்னுடுவாங்க?" என்பாள் திரும்பும்போது.

"அடுத்த வீட்டு அழுக்கைக் கேக்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்து?"

"அழுக்கு இல்ல எல்வுட். வெல்லப்பாகு எப்படிக் காய்ச்சினாங்கன்னு சொன்னா அந்தம்மா."

"அதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

பழைய வீடுகளுக்கு, அவற்றைக் கட்டியவர் பெயரெழுதிய பலகையைச் சங்கம் தரும். மலைச்சாலையில் ஹாஸ்கல் வீட்டுக்குத்தான் முதலில் தர வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்வுட் மறுத்துவிட்டார். "இந்த வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். தெரியாதவனுக்கு எதுக்குச் சொல்லணும்?" ஆர்லீன் கூட்டத்தில் அதை அப்படியே சொல்லி, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள் என்று கேள்வி.

*

மகள் லோர்னா ஒஹாயோவிலிருந்து பனிப்புயலுக்குள் வண்டியோட்டிக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தாள். அதற்குள் சமையலறை மேசை நிரம்பியிருந்தது. பன்றித்தொடைக்கறி, பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட தட்டுகள், ஊறுகாய்ச் சாடி, மண்சட்டியில் பீன்ஸ். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகிதப் பட்டி ஒட்டி உடையவர் பெயர் எழுதியிருந்தது. துக்க வீட்டுக்கு வந்த பாத்திரம் வழி தவறக்கூடாது அல்லவா.

சாயங்காலம் சங்கத்துத் தலைவி மேவிஸ் டக்கரும், பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் கிளிஃப்டன் மோர்ஸும் வந்தார்கள். கிளிஃப்டன் மின்வேலை செய்து ஓய்வுபெற்றவர். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் காதில் பென்சில் வைத்திருப்பார். இன்று அதை எடுத்துவிட்டுத் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"தேவாலயத்துல யார் பேசினாலும் ஒப்பாது," என்றாள் மேவிஸ். "ஆர்லீன் குரலையே கொஞ்சம் போட்டுக் காட்டினா என்னன்னு நெனைச்சோம். நீங்க என்ன சொல்றீங்க, எல்வுட்?"

அவர் பதில் சொல்லுமுன் லோர்னா முந்திக்கொண்டாள். "போடுங்க மேவிஸ். எனக்கும் ஒரு பிரதி வேணும். வீட்டு ஃபோன்ல பதிஞ்சு வச்சிருக்கறது அம்மா குரலா இருக்கும்னு கூப்பிட்டுப் பாத்தேன். அதுல இருக்கறது அப்பா குரல். 'ஹாஸ்கல் வீடு, விஷயத்தைச் சொல்லுங்க'ன்னு."

யாரும் சிரிக்கவில்லை. மேவிஸ் கிளிஃப்டனைப் பார்த்தாள். கிளிஃப்டன் தொப்பியைப் பார்த்தார்.

"அதுலதான் ஒரு சங்கடம்," என்றார். "ராத்திரி பூரா தேடிட்டு வரேன். இல்லை."

"என்ன இல்லை?"

"அவங்க குரல். ஊர்ல இருக்கறவங்க, போனவங்க எல்லார் குரலும் இருக்கு. அவங்களது இல்லை." தொப்பியை மறுபுறம் திருப்பினார். "அவங்க கேக்கற விதம் அப்படி. எதிர்ல இருக்கறவர் பேசும்போது 'உம்'னுகூடக் கொட்டமாட்டாங்க. தலையைத்தான் ஆட்டுவாங்க. கேள்வி நாலு வார்த்தைக்கு மேல போகாது. பள்ளிக்கூடத்துல அந்தக் கேக்கற பெட்டி வச்சோமில்ல, வர்றவங்க காதுல மாட்டிக் கேக்கறதுக்கு? அப்ப அந்தக் கேள்விகளையும் வெட்டச் சொன்னாங்க. நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டினேன். பழைய நாடாவெல்லாம் நிலவறையில தண்ணி பூந்து பூசணம் பிடிச்சுப் போச்சு, அதையும் எறிஞ்சாச்சு."

"நீங்க மறுக்கலையா?" என்றாள் லோர்னா.

"சொன்னேம்மா. 'கேக்கறவ ஜன்னல் கண்ணாடி மாதிரி, கிளிஃப்டன். கண்ணாடியைப் பாக்கறதுக்கு யாரும் வர்றதில்ல'ன்னாங்க. உங்கம்மாகிட்ட மறுத்துப் பேசி நான் ஜெயிச்சதுண்டா?"



"என்ன கிடைச்சுதுன்னா," கிளிஃப்டன் எல்வுட்டை ஓரக்கண்ணால் பார்த்தார், "ஒரு எடத்துல தும்மறாங்க. ஒரு எடத்துல கோப்பையைத் தட்டுல வைக்கறாங்க. வைக்கற விதத்துலயே அவங்கதான்னு எனக்குத் தெரியும். அப்புறம்… உங்க ஹாரன் இருக்கு, மிஸ்டர் ஹாஸ்கல். நிறைய இருக்கு. அதை வெட்ட முடியல. பேச்சுக்கு நடுவுல வந்துடுது."

மேவிஸ் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். எல்வுட் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நேரே உட்கார்ந்திருந்தார். முதுகு சாயவில்லை.

பிறகு கிளிஃப்டன் தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். சங்கத்துப் பதிவுக்கருவி ஒன்று ஆர்லீனிடம் இருந்தது. அவசரம் ஒன்றுமில்லை, கிடைக்கும்போது போதும். லோர்னா எழுந்து முன்னறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் எல்வுட்டுக்குக் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அங்கிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது.

'எல்வுட். சாமான் அறைக் கதவு நிலையில, வலது கால்ல உன் உயரமெல்லாம் வருஷா வருஷம் கோடு போட்டிருக்கு. இடது கால்ல என்ன இருந்துச்சு?'

மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'அதை அணை, ஆர்லீன்.'

'சும்மா சொல்லேன். நான்தானே கேக்கறேன்.'

'நம்ம வீட்டு விஷயம் ஊருக்கு எதுக்கு? அணைன்னு சொன்னேன்.'

கரண்டி கிண்ணத்தில் விழும் சத்தம். கரகரப்பு. அவ்வளவுதான்.

லோர்னா கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சமையலறைக் கோடியில் தெரிந்த அந்தக் கதவு நிலையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் ஓடித்திரிந்த வீடு. வலது காலில் அப்பாவின் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தாத்தாவின் கையெழுத்தில் ஆண்டு. இடது காலில் வெறும் வெள்ளை வர்ணம். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் மரம் சற்றுக் குழிந்திருக்கும்.

"இடது கால்ல என்னப்பா இருந்துச்சு?"

"விறகு தீர்ந்துபோச்சு," என்று எல்வுட் எழுந்தார்.

கொல்லையில் விறகுக் கொட்டகைக்குள் அவர் வெறுங்கையோடு நின்றிருந்தபோது கிளிஃப்டன் பின்னாலேயே வந்தார். "மிஸ்டர் ஹாஸ்கல், நான் ஒண்ணு சொல்லட்டுமா? உங்க குரலை எடுத்துடறேன். அவங்க பேசறது மட்டும் நிக்கும். சுத்தமா இருக்கும். ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியாது."

எல்வுட் ஒரு கட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கில் வைத்தார். மூச்சு வெள்ளையாக எழுந்து கலைந்தது.

"கேள்வியும் வேண்டாம்," என்றார். "ஆரம்பத்துல என் பேரைச் சொல்றா. அது மட்டும் போதும்."

"பேர் மட்டுமா? ஒரு வார்த்தைதானே அது."

"போதும்னு சொன்னேன்."

*

எல்வுட்டுக்கு விடியற்காலையிலேயே தூக்கம் கலைந்துவிட்டது. லோர்னா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆர்லீனுக்காக வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலை நேற்றே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். முன்னறையில் கம்பளத்தில் அதன் கால் பதிந்த குழிகள் மட்டும் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் சாமான் அறைக் கதவு நேராகத் தெரிந்தது. மாதக்கணக்கில் அவள் படுத்துக்கொண்டு அதையே பார்த்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் ஆர்லீன் அந்த இடது காலைத் தடவிப் பார்த்ததை அவர் கண்டிருக்கிறார். 'இங்க இழைச்சிருக்கு' என்றாள். அவர் கேட்காததுபோல் இருந்துவிட்டார். மறுபடி ஒருமுறை அவள் வர்ணம் அடிக்கும்போது அந்தக் குழிவில் தூரிகை நின்றது. அப்போதும் அவள் கேட்கவில்லை. ஊர் முழுவதும் கேள்வி கேட்டவள், சொந்த வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இடது கால் டோரிஸுடையது. அவருடைய அக்கா. ஆலையில் வேலைக்கு வந்த கனடாப் பையன், கத்தோலிக்கன், திபோ என்று பெயர். அவனோடு எல்லை தாண்டிப் போய்விட்டாள். அவள் போன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து வந்ததும் அப்பா கோட்டைக் கழற்றி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமையில் ஆணிகூட அடிக்கமாட்டார் அவர்; ஓய்வுநாளில் பக்கத்து வீட்டில் கோடரிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். அன்றைக்கு அவரே கொட்டகைக்குப் போய் இழைப்புளியை எடுத்துவந்து, மேலிருந்து கீழாக, சீராக இழைத்தார். மரச்சுருள்கள் தரையில் விழுந்தன. சில சுருள்களின் உட்புறத்தில் பென்சில் கோடு தெரிந்தது. அம்மா அவற்றைப் பெருக்கி அடுப்பில் போட்டாள். பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி குறைந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. டோரிஸ் எங்கோ மொன்ட்ரியால் பக்கத்தில் செத்துப்போன செய்தி வந்தபோது அப்பா தபாலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பசு கறக்கப் போனார்.

குடும்ப மானத்தைக் காப்பது என்றால் இப்படித்தான் என்று எல்வுட் கற்றுக்கொண்டார். காத்தும் வந்தார். அப்பா வைத்துவிட்டுப் போனதைக் குறைவில்லாமல் காத்தார்.

அவர் இடது காலின் குழிவில் கையை வைத்தார். வர்ணம் சில்லென்றிருந்தது. இதைச் செய்ய அப்பாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கிளிஃப்டனுக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும்.

வெளுத்தும் வெளுக்காததுமாகத் தொலைபேசியை எடுத்தார்.

"கிளிஃப்டன், ஹாஸ்கல் பேசறேன். வெட்டிட்டியா?"

"இல்ல, இப்பத்தான் காபி வச்சிட்டு உக்காரப்போறேன்…"

"வெட்டாதே."

"உங்க குரலையுமா?"

"எதையும் வெட்டாதே. இருக்கற மாதிரியே போடு."

"மிஸ்டர் ஹாஸ்கல், ஊரே கேக்கும்."

"ஊருக்குக் காது இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்று வைத்துவிட்டார்.

*

தேவாலயத்தில் நிற்க இடமில்லை. ஆர்லீன் எந்தெந்தச் சமையலறைகளில் உட்கார்ந்தாளோ அந்தச் சமையலறைகளெல்லாம் எழுந்து வந்திருந்தன. பாதிரியார் பேசினார், மேவிஸ் பேசத் தொடங்கி முடிக்கமுடியாமல் உட்கார்ந்தாள். கிளிஃப்டன் ஒலிபெருக்கியின் பக்கத்தில் குனிந்தார்.

'எல்வுட்,' என்றது அந்தக் குரல், தேவாலயத்தின் மரக்கூரை முழுவதும்.

அவர் முதல் வரிசையில் கழுத்துப் பட்டையும் நேரான முதுகுமாக உட்கார்ந்திருந்தார். கேள்வி வந்தது. பிறகு அவருடைய குரல் வந்தது. தன் குரல் இவ்வளவு காய்ந்ததென்று அவருக்குத் தெரியாது. 'நான்தானே கேக்கறேன்' என்று அவள் சொன்னபோது பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். 'அணைன்னு சொன்னேன்' என்றதும் அங்கேயே யாரோ அடக்கமாட்டாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"எல்வுட்டேதான்," என்றது ஒரு கிழக்குரல்.

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதில் கேலி இல்லை. லோர்னா கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கரண்டி விழுந்தது. கரகரத்தது. நின்றது. எல்வுட் அசையாமல் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் இன்னும் ஒரு தடவை கேட்பாள் என்பதுபோல.

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கிடங்கின் இரும்புக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. "அவங்க போட்ட எண்ணெய்," என்றார் கிளிஃப்டன் மெதுவாக. உள்ளே கல் மேடையில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் போன பால்பண்ணைக்காரர். அவரைக்கூட ஆர்லீன் பேசவைத்திருந்தாள். மண் இளகும்வரை பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறது என்று யாரோ சொல்ல, மேவிஸ் தலையாட்டினாள். கதவைச் சாத்தியபோது எல்வுட் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். காதுமடல் சிவந்து மரத்துப்போனபின்னும் போட்டுக்கொள்ளவில்லை.

தேவாலயத்துக் கீழறையில் சாப்பாடு. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பற்றினார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். கடைசியில் ஊன்றுசட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஐடா ப்ராட் வந்தாள். ஊரிலேயே மூத்தவள். அவள் கை காகிதம்போலிருந்தது.

"ரொம்ப உயரம், இல்ல?" என்றாள்.

எல்வுட் புரியாமல் பார்த்தார்.

"டோரிஸ். பள்ளிக்கூடத்துல எனக்குப் பின்னால நிப்பா. அவ முன்னால நின்னா எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு என்னை முன்னால விட்டுடுவா. நல்லா சீட்டியடிப்பா. ஆம்பிள மாதிரி."

அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது. கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஆமா," என்றார். "உயரம்தான்."

*

வீட்டுக்கு வந்ததும் லோர்னா பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, அடியிலிருந்த பெயர்களைப் பார்த்துச் சாலை வாரியாக அடுக்கினாள். "இருட்டறதுக்குள்ள கொடுத்துட்டு வந்துடலாம்பா. நீங்களும் வாங்க. தனியா உக்காந்திருக்க வேணாம். நான் போய் வண்டியைச் சூடு பண்றேன்."

"வரேன், போ."

பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். பிக்கப்பின் எஞ்சின் இருமி இருமி உயிர்பெற்றது.

பதிவுக்கருவி சமையலறை மேசைமேல் இருந்தது. தேவாலயத்து வாசலில் கிளிஃப்டன் அதை அவர் கோட்டுப் பையில் போட்டிருந்தார். 'இன்னும் சங்கத்துல சேர்க்கல. இருக்கட்டும் உங்ககிட்ட' என்று மட்டும் சொல்லி, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டியும் கொடுத்தார்.

எல்வுட் அதை எடுத்துப்போய்ச் சாமான் அறையில் மாவுப் பெட்டியின் மூடிமேல் வைத்தார். ஓடவிட்டார். 'எல்வுட்,' என்றாள் அவள். கேட்டாள். தன் குரல் வருமுன் நிறுத்தினார்.

அடுத்த பொத்தானை அழுத்தினார். சிவப்புப் பொட்டு எரிந்தது.

எல்லாரிடமும் அவள் முதலில் என்ன கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சொல்லி விளையாடுவார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எல்வுட் ஹாஸ்கல்," என்றார். "பிறந்தது இந்த வீட்டுலதான்."

இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்திருந்த தச்சுப் பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு இடது காலின் முன்னால் நின்றார். வலது காலில், தமக்கு ஆறு வயதான ஆண்டின் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். அதற்கு நேரே இடது காலில் விரலை வைத்து, அங்கிருந்து மேலே, வெள்ளை வர்ணத்தின்மேல் மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

வெளியே ஹாரன் அடித்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். திரையை விலக்கினார். புகைந்துகொண்டிருந்த வண்டிக்குள்ளிருந்து லோர்னா எட்டிப் பார்த்தாள். எல்வுட் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். திரையை விட்டுவிட்டு நிலைக்காலிடம் திரும்பி வந்தார்.